ஜாதிக்காய் மரத்துத் தொட்டில்

ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடிந்ததும் சட்டென்று நின்றுபோனது. சிங்கப்பூர் யுனிவர்சிட்டித் தோட்டத்துச் சரிவில் செந்தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புல் வெட்டும் பெண்கள் கொட்டகைக்குள் நின்று காலுக்குச் சாக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மழை விட்ட காட்டில் அட்டைக்கு அதுதான் காவல்.

அப்துல் முத்தலிப் மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாற்றுகளில் மாட்டுகிற தகரத் துண்டுகளில் வெள்ளைப் பெயிண்டால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அர்த்தம் தெரியாத பெயர்கள். கொடுத்ததைப் பார்த்து அப்படியே இழுப்பார். ஆனாலும் அந்த ஸ்டூலும் பிரஷ்ஷும் அவரைப் புல் வெட்டுகிறவர்களைவிட ஒரு படி மேலே தூக்கி வைத்திருந்தன. மலாய் நன்றாகப் பேசுவார். கொஞ்சம் இங்கிலீஷும் புரியும். மேலே இருப்பவர்கள் சொல்வதைத் தமிழ் ஆட்களுக்குச் சொல்வதும், இவர்கள் சொல்வதை அங்கே சொல்வதும் அவர்தான்.

மேட்டிலிருந்து டான் மிஸ்ஸியின் குரல் கேட்டது. மிஸ்ஸி சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மருதப்பன் முன்னால் ஓட, மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

மேட்டில் நின்ற ஜாதிக்காய் மரத்தில் ஒரு கிளை முறிந்து, பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளையில் கட்டியிருந்த வெள்ளைத் துணிப் பைகள் சேற்றில் கிடந்தன. கிளையின் நுனியில், மழையில் ஊறிக் கனத்து, ஒரு சின்னத் தூளி. உள்ளே உருண்டையாக ஒரு கூழாங்கல்.

அந்த மரத்துக்காக டான் மிஸ்ஸி பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். யுனிவர்சிட்டியில் செடிகொடிகளை ஆராயும் சீனப் பெண். நோஞ்சான் மாதிரி இருப்பார். ஏணியை யாரையும் தூக்க விடமாட்டார். தோட்டத்தின் மறுபக்கம் நிற்கும் மரத்திலிருந்து பூந்தூளை எடுத்து வந்து, இந்த மரத்துப் பூவில் ஒவ்வொன்றாகத் தடவி, வேறு தூள் படாமல் மல் துணியில் பை தைத்து மூடிக் கட்டுவார். ஆரம்பித்த அன்றைக்கே பெண்களைக் கூப்பிட்டு, கை வைக்கக் கூடாது என்று முத்தலிப் மூலமாகச் சொல்லியிருந்தார்.

"இது பொண்ணு மரமாம். அங்க நிக்கிறது ஆம்பள மரமாம். அது காய்க்காதாம்," என்று முத்தலிப் அன்றைக்குச் சொன்னார்.

"காய்க்காத மரம்னா வெட்டிப் போட்டுட்டு வேற வைக்க வேண்டியதுதானே பாய்?" என்றாள் லீலா. வாயாடி. "எங்க வூட்டுலயும் ஒண்ணு நிக்கிது. மத்தியானம் கள்ளுக்கடை, சாயங்காலம் கட்டிலு."

எல்லோரும் சிரித்தார்கள். முத்தலிப் சிரிக்கவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளை இல்லாதவர் முன்னால் பேசுகிற பேச்சா அது என்று முத்தாயிதான் லீலாவின் இடுப்பில் இடித்தாள்.

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"யாரு வேலை இது?" என்றார் மண்டோர். "சொல்லிடுங்க. நானா கண்டுபிடிச்சா நடக்கிறதே வேற லா."

முத்தலிப் தூளியைப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட பழைய கைலித் துணி. அந்த மாதிரிக் கைலி சிங்கப்பூரில் பாதிப் பேர் இடுப்பில் இருக்கும். ஆனால் ஓரம் சிவப்பு நூலால் அடித்திருந்தது. வீட்டில் நீல நூல் தீர்ந்துபோய், மனைவி ருக்கையா சிவப்பு நூலால் அடித்துக் கொடுத்ததும், "இத எப்படி வெளிய கட்டிட்டுப் போறது" என்று அவர் சிடுசிடுத்ததும் ஞாபகத்துக்கு வந்தன. போன வாரம் அந்தக் கைலியைத் தேடியிருந்தார். கிழிஞ்சிருச்சு, கரித்துணியாக்கிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அவருக்குக் காது மடல் சூடானது.

"இது என்ன, முத்தலிப்?" என்று மிஸ்ஸி மலாயில் கேட்டார். கோபத்தைவிட அழுகைதான் குரலில் அதிகம் இருந்தது. "யார் செய்வார்கள் இப்படி? எதற்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதோடு போயிருக்கும். ஆனால் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை இல்லாத பெண்கள் மரத்தில் இப்படிக் கட்டுவார்கள், மிஸ்ஸி," என்றார். சொல்லி முடித்ததும் அத்தனை கண்ணும் தன் மேல் இருப்பது போல இருந்தது. அவசரமாக இன்னொன்றையும் சேர்த்தார். "இந்துக்காரர்களுடைய பழக்கம். எங்களில் கிடையாது."

மண்டோருக்கு மலாய் தெரியும். அவர் திரும்பி நேராக முத்தாயியைப் பார்த்தார். முத்தாயிக்கு வரிசையாக மூன்று பெண்கள். ஆண் பிள்ளை வேண்டும் என்று புருஷன் குடித்துவிட்டுப் போடுகிற சத்தம் வேலையாட்கள் குடியிருக்கும் லைனில் எல்லோருக்கும் கேட்கும். போன மாசம்தான் காட்டுக்குள் ஒரு மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மண்டோரிடம் ஏச்சு வாங்கியிருந்தாள்.

"ஏன் முத்தாயி, ஒரு தடவ சொன்னா ஒறைக்காதா உனக்கு?"

முத்தாயி வாயைத் திறந்தாள். தூளியைப் பார்த்தாள். சிவப்பு நூலைப் பார்த்தாள். பிறகு முத்தலிப்பை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனுஷன் இப்போது சொல்லிவிடுவான் என்று ஒருவர் காத்திருப்பது எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தப் பார்வை. முத்தலிப் குனிந்து சேற்றில் கிடந்த பைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"இனிமே நடக்காது மண்டோர்," என்றாள் முத்தாயி.

"நடக்காதுதான். நாளைலேருந்து நீ கிராஞ்சி."

பெண்கள் "ஐயோ" என்றார்கள். கிராஞ்சியில் யுனிவர்சிட்டிக்கு ஒரு சதுப்புக் காடு உண்டு. முழங்கால் சேற்றில் நின்று நாற்று ஊன்ற வேண்டும், படிக்க வருகிறவர்களுக்குப் பலகை போட்டு வழி பண்ண வேண்டும். கொசுவும் உப்புத் தண்ணீரும் காலைப் புண்ணாக்கிவிடும். லாரி இருட்டோடு போய் இருட்டோடுதான் திரும்பும். மூன்று பிள்ளைகளையும் ஸ்கூலுக்கு அனுப்ப யார் இருக்கிறார்கள் என்று முத்தாயி கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

மத்தியானம் முத்தலிப் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். செடிக்கொட்டகைக்குப் பின்னால், காட்டு ஓரத்தில் இருந்த லைனில் கடைசி வீடு. சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் ஜாதிக்காய் மரம் தெரியும்.

ருக்கையா சோறும் நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும் வைத்தாள். முகம் வெளிறியிருந்தது. மேட்டில் நடந்தது லைனுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

"முத்தாயி அக்காவ கிராஞ்சிக்கு மாத்திட்டாங்களாமே மச்சான்."

"ம்."

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

முத்தலிப் சோற்றைப் பிசைந்தார். "எவன் சொல்லிக் குடுத்தது உனக்கு இதெல்லாம்? மரத்துல துணியக் கட்டி, கல்லப் பிள்ளையாப் போட்டு... ச்சீ. பள்ளிவாசல்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா நான் தொழுகை சஃபுல நிக்க முடியுமா? சிர்க்குடி இது. படைச்சவனை விட்டுட்டு மரத்துக்கிட்ட கேக்குறது."

"மரத்துக்கிட்ட கேக்கல. படைச்சவன்கிட்டதான் கேட்டேன். கட்டுனதுதான் மரத்துல." அவள் சம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "தெலுக் ஆயர்ல நம்ம நாகூர் எசமான் தர்காவுக்கு ஒரு வாட்டி கூட்டிட்டுப் போங்கன்னு எம்புட்டு நாளாக் கேட்டேன்? அதுவும் கூடாதுன்னீங்க. ஊருல, தோப்புத்துறைல, நம்ம உம்மா வாப்பா போகாத தர்காவா? நீங்க இங்க வந்து பள்ளிவாசல் பயான் கேட்டுக் கேட்டு ஒவ்வொண்ணா அடைச்சிட்டீங்க. நான் எங்கிட்டுப் போக?"

"அதுக்கு அந்த மரந்தான் கெடைச்சிச்சா?"

ருக்கையா ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்தச் சீனத்து அம்மா கட்டுச்சு மச்சான்."

"என்னது?"

"காலைல வந்து ஏணி போட்டு ஏறும். ஒவ்வொரு பூவுக்கிட்டயும் வாய வச்சி என்னமோ முணுமுணுக்கும். வெள்ளத் துணியில குட்டிக் குட்டியாக் கட்டும். மரம் பூராம் தொட்டிலாத் தொங்குச்சு. பாவம், அதுக்கும் பிள்ள இல்ல போலருக்குன்னு நெனச்சேன். இம்புட்டுப் படிச்ச பொம்பளயே கட்டுதுன்னா, அந்த மரத்துல என்னமோ இருக்குன்னுதானே தோணும்?"

"அது கல்யாணமே ஆகாத பொண்ணுடி!"

"அத நான் என்னத்தக் கண்டேன்? நீங்க வீட்டுல வந்து எதையாச்சும் சொல்றீங்களா? ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்றீங்க, ஆம்பள மரம் பொம்பள மரம்னு. எனக்கு முத்தாயி அக்கா வந்து சொல்லித்தான் தெரியும். அதுவும் நேத்துதான் சொன்னாக. நீ ஏறி அவுக்க வேணாம், நாளைக்கி நானே ஏறி எடுத்துர்றேன்னாக. அதுக்குள்ள மழை வந்துருச்சு."

முத்தாயிக்குத் தெரியும். முத்தலிப் தட்டைத் தள்ளினார்.

"சாப்புடுங்க," என்றாள் ருக்கையா. "ஞாயித்துக்கெழமை உங்க ராத்தா வர்றாகல்ல. பதில் சொல்லத் தெம்பு வேணும்."

முத்தலிப்பின் கூடப் பிறந்த ராத்தா மைமூன் போன ஞாயிறு தஞ்சோங் பகாரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் ஊரிலிருந்து வந்த ஒரு போட்டோ. தூரத்துச் சொந்தத்தில் அஸ்மத் என்று ஒரு பெண். ருக்கையா போட்டுக் கொடுத்த தேயிலைத் தண்ணியைக் குடித்துக்கொண்டே, அவள் காதுபடத்தான் பேசினார்.

"இவள ஒண்ணும் விட்டுறச் சொல்லல தம்பி. இவளும் இருக்கட்டும் ஒரு மூலையில. வாப்பா பேரு சொல்ல ஒரு பிள்ள வேணாமா? பூமி சரியில்லன்னா வேற பூமி பாக்கத்தானே செய்வாங்க? அடுத்த ஞாயிறு வர்றேன். யோசிச்சுச் சொல்லு."

அப்போதும் முத்தலிப் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அது ராத்தாவுக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் முத்தாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ருக்கையா தேக்கா பக்கம் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். பல தடவை போனாள். அவளிடம் குறை ஒன்றும் இல்லை, அடுத்த முறை புருஷனையும் கூட்டிக்கொண்டு வா, அவரையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் வந்து சொன்னபோது முத்தலிப், "என்னை என்னத்தப் பாக்கணுமாம்?" என்று கத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

அவர் போகவுமில்லை. தேக்கா மார்க்கெட்டுக்கு ஆட்டிறைச்சி வாங்கப் போகும்போதெல்லாம் அந்த ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார்.

"நான் போயி அந்தம்மாகிட்ட சொல்லிர்றேன்," என்றாள் ருக்கையா. "முத்தாயி அக்கா பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீ ஒண்ணும் போவேணாம். நான் மண்டோர்கிட்ட பேசிக்கிறேன்."

"எப்ப?"

"பேசுறேன்னா பேசுறேன்."

சாயங்காலம் வரை மண்டோர் அங்கேயேதான் இருந்தார். ஒரு தடவை பக்கத்தில் வந்து சிகரெட்டுக்குத் தீப்பெட்டிகூடக் கேட்டார். முத்தலிப் தீப்பெட்டியைக் கொடுத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை.

*

மறுநாள் பாதி இருட்டில் கிராஞ்சி லாரி கொட்டகை முன்னால் வந்து நின்றது. பின்தட்டில் ஐந்தாறு பெண்கள் ஏறியிருந்தார்கள். முத்தாயி ஓரமாக உட்கார்ந்து, சோத்துப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தாள். லீலாவும் அந்த வாரம் கிராஞ்சிதான். டான் மிஸ்ஸியும் வந்திருந்தார். சதுப்புக்கு அனுப்ப வேண்டிய நாற்றுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் தூங்காத கண்கள்.

முத்தலிப் நாற்றுக் கூடைகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முத்தாயி இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

"பாய், அந்தா பாருங்க," என்றாள் லீலா.

லைனிலிருந்து ருக்கையா வந்துகொண்டிருந்தாள். வெள்ளை முக்காட்டை இழுத்துப் போர்த்தி, சேற்றில் செருப்பு புதையப் புதைய நேராக வந்தாள். வேலைத்தலத்துக்கு அவள் ஒரு நாளும் வந்ததில்லை.

"நீ ஏன்டி வந்தே?" முத்தாயி லாரியிலிருந்து எழுந்தாள். "போ வூட்டுக்கு. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க எத்தனதான் பாப்பீங்க அக்கா?" என்றாள் ருக்கையா. டான் மிஸ்ஸி முன்னால் போய் நின்றாள். பிறகு திரும்பி, "மச்சான், நான் சொல்றத அந்தம்மாகிட்ட சொல்லுங்க," என்றாள்.

முத்தலிப் கூடையை இறக்கி வைத்தார்.

"அந்தத் தூளி நான் கட்டுனது. முத்தாயி அக்காவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நீங்களும் பிள்ளைக்கித்தான் கட்டுறீங்கன்னு நெனச்சுக் கட்டிட்டேன். மரத்த ஒடைக்கணும்னு கட்டலம்மா. பத்து வருஷமா ஏச்சு கேக்குறேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஒண்ணும் கொறையில்ல, புருஷனக் கூட்டிட்டு வான்னாங்க. அவங்க வரல. வராமயே இப்ப எனக்கு மேல இன்னொருத்தியக் கொண்டுவரப் பாக்குறாங்க. எனக்குப் போக்கிடம் இல்ல. அதான் கட்டுனேன்."

லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டான். அவனும் தமிழ்தான். அங்கே நின்றவர்களில் டான் மிஸ்ஸியைத் தவிர எல்லோருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. மண்டோர் தரையைப் பார்த்தார்.

மிஸ்ஸி முத்தலிப்பைப் பார்த்தார். முத்தலிப் தொண்டையைச் செருமினார்.

"இவள் என் மனைவி, மிஸ்ஸி. தெரியாமல் கட்டிவிட்டாள். மன்னிப்புக் கேட்கிறாள்."

ருக்கையாவுக்கு மலாய் தெரியாது. ஆனால் பேச்சின் நீளம் தெரியும்.

"இம்புட்டுத்தானா மச்சான்? நான் சொன்னது இம்புட்டுத்தானா?"

"பாய் சுருக்கெழுத்துல படிச்சவரு போலருக்கு," என்றாள் லீலா லாரியிலிருந்து. யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டான் மிஸ்ஸிக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். "அவள் ரொம்பப் பேசினாளே, முத்தலிப். ஆஸ்பத்திரி என்று சொன்ன மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையா அவளுக்கு?"

முத்தலிப்புக்குப் பள்ளியில் தொழுகை வரிசை நினைவுக்கு வந்தது, ராத்தாவின் முகம் நினைவுக்கு வந்தது. மண்டோருக்கு மலாய் தெரியும். இப்போது பொய் சொன்னால் அது பொய் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னாலும் அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ருக்கையா நகராமல் நின்றாள்.

"அவள் உடம்பு நன்றாக இருக்கிறது," என்றார் மலாயில். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "அவள் நன்றாக இருக்கிறாள், மிஸ்ஸி. பிள்ளை இல்லை. டாக்டர் என்னை வரச் சொன்னார். நான் போகவில்லை. முத்தாயி ஒன்றும் செய்யவில்லை. நேற்றே எனக்குத் தெரியும். அது என் கைலி. தெரிந்தேதான் இந்துக்காரர்கள் என்று சொன்னேன்."

டான் மிஸ்ஸி முகம் சிவந்து, கையிலிருந்த நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகாத பெண். அந்நிய ஆண் ஒருவன் வாயால் இதைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கடைசியில், "அடுத்த பூவுக்குப் பையை மறுபடி கட்டிக்கொள்ளலாம்," என்றார் மெதுவாக. "மண்டோர், அந்த அம்மாவை இறங்கச் சொல்லுங்கள்."

முத்தாயி இறங்கினாள். முத்தலிப் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் கடந்து போய், ருக்கையாவின் கையைப் பிடித்தாள். "வா. கோப்பி கலந்து தா. காலைலேருந்து ஒண்ணும் குடிக்கல," என்றாள். ரெண்டு பேரும் லைனைப் பார்த்து நடந்தார்கள். ருக்கையா திரும்பிப் பார்க்கவில்லை.

"கிராஞ்சிக்கு ஒரு ஆள் குறையுது இப்ப," என்றார் மண்டோர் யாரையும் பார்க்காமல்.

"நான் போறேன்," என்றார் முத்தலிப். போய்விட்டால் தேவலை என்றிருந்தது. முழங்கால் சேற்றில் நாளெல்லாம் நின்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். லாரியின் பின்பலகையில் ஒரு காலை வைத்தார்.

லீலா நகர்ந்து இடம் விடவில்லை.

"கிராஞ்சி இந்தப் பக்கம் பாய்," என்றாள். இந்தத் தடவை அவள் முகத்தில் சிரிப்பில்லை. "ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். ஏறுறதுக்கு முன்ன நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் சேத்துல வந்து ஒளிஞ்சிக்கிட்டாருன்னு நாங்க பேசுறாப்பல ஆயிரும்."

முத்தலிப் அப்படியே நின்றார். லாரிக்காரன் எஞ்சினைக் கிளப்பினான். பலகை அதிர்ந்தது. அவர் காலைக் கீழே எடுத்தார்.

"மண்டோர், எனக்கு இன்னிக்கு லீவு வேணும்."

மண்டோர் மருதப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் நேற்று ஒரு பெண்ணைத் தப்பாகத் தண்டிக்க வைத்த ஆள் இவர் என்பது அவருக்கு மறக்கவில்லை.

"எதுக்கு?" என்று கேட்டார்.

எதுக்கு என்று அவருக்குத் தெரியும். லாரியில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். எல்லோரும் முத்தலிப் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு," என்றார் முத்தலிப். "என்னைப் பாக்கணுமாம்."